மிண்டல் வாசித்த பதினைந்து வசனங்கள்

கனடாவின் வின்னிபெக்கில் எங்கள் யூத ஜெப ஆலயத்தின் மாலைப் பள்ளிக்கு மிண்டல் காராசிக் 1981 செப்டம்பர் முதல் 2007 ஜூன் வரை பேருந்து ஓட்டினார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நான்கே காலுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குவார். ஆறு மணிக்கு ஏற்றிக்கொண்டு போவார். இடைப்பட்ட நேரத்தில் வண்டியிலேயே இருப்பார். குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டினால் மட்டும் உள்ளே வந்து நடைக்கூடத்து நாற்காலியில் கையுறையைக் கழற்றாமல் உட்காருவார். இருபத்தாறு ஆண்டுகளில் வகுப்பறைக்குள் ஒரு தடவையும் அவர் கால் வைக்கவில்லை. ஆலயத்தின் செயலாளராக 1983 முதல் நான் இருக்கிறேன், அதற்கு முந்திய வருகைப் பதிவேடுகளும் என் கையில் இருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

சிறுமியாக இருந்தபோதும் அப்படித்தான். மூன்று வயது மூத்த அண்ணன் ஸெலிக்குக்கு வீட்டுக்கே ஒரு வாத்தியார் வந்து எபிரேயம் சொல்லிக்கொடுத்தார். மிண்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தார். அண்ணன் 1959இல் யூத வேதமான தோராவின் சுருளிலிருந்து முதல் முறையாக வாசித்தபோது, மேல்மாடியில் பெண்களோடு நின்று வழக்கப்படி மிட்டாய் எறிந்ததுதான் அவருக்குக் கிடைத்த பங்கு. ஒரு மிட்டாய் ஸெலிக்கின் காதில் பட்டது. இன்றுவரை அவர் அதை மறக்கவில்லை.

பிள்ளைகள் பேருந்தில் கத்திக்கத்திப் பழகியதால் மிண்டலுக்கு எழுத்துகளின் பெயர் எல்லாம் காதால் தெரியும். முகம் தெரியாது.

பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்குவது பற்றி 2019இல் எங்கள் கல்விக் குழு மூன்று கூட்டங்கள் வாதாடியது. காப்பியும் சொற்பொழிவும் போதும் என்றார்கள் சிலர். ஒலிப்பதிவைக் கொடுத்துக் கேட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லலாம், எல்லாரும் ஒரு தடவை மேடையேறிய சந்தோஷம் கிடைக்கும் என்றார்கள் வேறு சிலர். பள்ளியின் ஆசிரியை ஓர்லி ஃபைன்ஸ்டாக்குக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டுக்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாட்டு மாதிரி உருப்போட்டா அந்த ஒரு நாளோட சரி. எழுத்தைக் கூட்டிப் படிக்கட்டும். வாரத்துக்கு ஒரு வசனம் போதும். ஆனா அந்த வசனத்தைப் பத்தி ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவரணும். மறுநாள் நான் இல்லாமலே அவங்களால புத்தகத்தைத் திறக்க முடியணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்."

ஐந்துக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது. அக்டோபர் எட்டாம் தேதி, பேர் பதிய வந்த முதல் ஆள் மிண்டல். அப்போது அவருக்கு எழுபது.

"உனக்கு எதுக்கு இப்போ இது?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் பிள்ளைங்கள இங்க கொண்டுவந்து விட்டேன் ஹெர்ஷ். உள்ள அப்படி என்னதான் நடக்குதுன்னு பார்த்துடறேன்."

வகுப்பு பிள்ளைகளின் அறையில், பிள்ளைகளின் நாற்காலிகளில் நடந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் தொலைபேசியில் தொடர்ந்தது. 2021 அக்டோபரில், அடுத்த மே ஏழாம் தேதி சனிக்கிழமை தாமே சுருளிலிருந்து வாசிப்பதாக மிண்டல் முடிவு செய்தார். இஸ்ரேலில், ஹைஃபாவில் இருக்கும் ஸெலிக் ஆண்டுதோறும் தங்கைக்கு ஒரு சுவர் நாட்காட்டி அனுப்புவார். தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆண்டு முழுதும் வாசிப்பது வழக்கம். நாட்காட்டியில் மே ஏழுக்கு எமோர் என்ற பகுதி போட்டிருந்தது. அதன் முதல் துண்டு பதினைந்து வசனம். குருமார் வழியில் வந்தவன் இறந்த உடலருகே போகக் கூடாது, நெருங்கிய உறவானால் மட்டும் போகலாம் என்பது அதன் தொடக்கம். அந்த உறவுகளின் பட்டியலில் கல்யாணமாகாத சகோதரியும் உண்டு. காராசிக் குடும்பம் குருமார் வழி. மிண்டல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"நான் செத்தா ஸெலிக் தாராளமா வரலாம், எழுதியே வச்சிருக்கு. கல்யாணம் பண்ணியிருந்தா வெளியில நிக்க வேண்டியதுதான். இது என்ன நியாயம்?" என்பது அந்த வாரத்துக்கான அவருடைய கேள்வி. வகுப்பு அன்று நாற்பது நிமிடம் தாமதமாக முடிந்தது.

ஏழு மாதம் படித்தார். சுருளில் மெய்யெழுத்து மட்டும்தான் இருக்கும். உயிர்க்குறியும் இராகக் குறியும் படிப்பவர் மனத்தில் இருக்க வேண்டும். ஸெலிக் விமானச் சீட்டு வாங்கிவிட்டார். மே ஐந்து வந்து எட்டாம் தேதி காலை கிளம்புவதாக ஏற்பாடு. அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது, செவ்வாய்தோறும் அவர்தான் கூட்டிப் போக வேண்டும். அதனால் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது.

ஏப்ரல் 28 வியாழக்கிழமை, மே ஏழுக்கான அறிவிப்புத் தாளைத் தயாரிக்க எங்கள் ஆலயத்தின் வாசிப்புப் பட்டியலை எடுத்தேன். மே ஏழுக்கு நேரே கெதோஷிம் என்ற வேறு பகுதி இருந்தது. எமோர் அதற்கடுத்த வாரம்.

தவறு எங்கே என்பது உடனே புரிந்தது. பஸ்கா பண்டிகை இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு எட்டு. இந்த ஆண்டு எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தது. அன்று அங்கே வழக்கமான பகுதியை வாசித்துவிட்டார்கள். நாங்கள் பண்டிகைக்கு உரியதை வாசித்தோம். ஜூலை கடைசிவரை நாங்கள் ஒரு வாரம் பின்னால்தான். மிண்டல் எழுதித் தந்த சீட்டைச் சரிபார்க்காமல் பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஓர்லி பார்த்திருப்பார் என்று நான் இருந்தேன். நான் பார்த்திருப்பேன் என்று அவர் இருந்திருக்கிறார்.

அன்று மாலையே மூன்று பேரும் வகுப்பறையில் உட்கார்ந்தோம். நான் சொல்லி முடித்ததும் மிண்டல் என் முகத்தையே பார்த்தார்.

"நாற்பது வருஷத்துல ஒரு தப்பு பண்ணியிருக்கே. அதை எனக்குன்னு எடுத்து வச்சிருந்தியா?"

"முப்பத்தொன்பது வருஷம்" என்றேன். ஏன் சொன்னேனோ.

"கெதோஷிம்ல மூணு வசனம் சொல்லித்தரவா? ஒன்பது நாள் இருக்கு" என்றார் ஓர்லி.

"என் வேகம் உங்களுக்குத் தெரியாதா? வாரத்துக்கு ஒரு வசனம். ஒண்ணுதான் தேறும்."

"வாசிப்பை ஒரு வாரம் தள்ளி வச்சா?"

"வைக்கலாம். அவன் இருக்க மாட்டான்."

வெளியே ஏப்ரல் கடைசியிலும் பனி. மிண்டல் சின்ன நாற்காலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பிறகு கேட்டார்:

"ஹெர்ஷ், போன சனிக்கிழமை சாயங்காலம் வந்து என் கதவைத் தட்டினது யாரு?"

"நான்தான். தொழுகைக்குப் பத்தாவது ஆள் கிடைக்கல." பத்துப் பேர் சேராமல் நாங்கள் சுருளைத் திறப்பதில்லை.

"பத்தாவது ஆளு எப்பவும் நான்தான். அங்க வந்து என்ன வாசிப்பைக் கேட்டேன்? சாயங்காலம் சுருளை எடுத்து எதை வாசிக்கிறோம்?"

"அடுத்த வாரத்துப் பகுதியோட முதல் துண்டு" என்று சொல்லிக்கொண்டே போன நான் நின்றுவிட்டேன்.

ஓர்லி புத்தகத்தைத் திறந்து விரலால் எண்ணினார். "மே ஏழு சாயங்காலம் எமோர். ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும். ஒரு வசனம் கூடல, குறையல."

"பின்ன என்ன? காலையில மத்தவங்க வாசிக்கட்டும்" என்றார் மிண்டல். நானும் ஓர்லியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். வாரந்தவறாமல் அந்த வாசிப்பைக் கேட்பவர்கள் நாங்கள். எங்களுக்குத் தோன்றவில்லை.

மாலைத் தொழுகையை மதிய விருந்து முடிந்ததும் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ள எங்கள் மத ஆசிரியரான ரப்பி சம்மதித்தார். சாப்பிட்ட பிறகு ஆட்கள் நழுவிவிடுவார்கள் என்ற கவலை எனக்கு இருந்தது. ஆட்களைக் காட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எங்கள் வழக்கம் இல்லை. அலமாரியிலிருந்து போன புத்தகங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று.

வாசிப்புக்கு முன் ஆசி சொல்ல முதலில் அழைக்கப்பட வேண்டியவர் குருமார் வழியினர். ஸெலிக்தான் வந்தார். ஆசி மொழியைச் சொல்லிவிட்டுத் தங்கையின் வலப்பக்கம் நின்றார். அச்சிட்ட புத்தகத்தோடு திருத்துவதற்கு நான் இடப்பக்கம். மிண்டல் வெள்ளிச் சுட்டுகோலை முதல் சொல்லின் மேல் வைத்தார். வாசிக்கத் தொடங்கினார். கல்யாணமாகாத சகோதரி வந்த இடத்தில் ஸெலிக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்பதாம் வசனத்தில் ஒரு சொல் பிசகியது. திருத்தினேன். திரும்பச் சொல்லிவிட்டு மேலே போனார். பதினைந்தாவது வசனம் முடிந்ததும் புத்தகத்தை மூடினேன்.

உடனே ஒரு மிட்டாய் வந்து மிண்டலின் தோளில் பட்டது.

"அறுபத்து மூணு வருஷமா குறி பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார் ஸெலிக்.

"அப்படியும் காதுல படல பாரு."

"எங்க ஊர்ல இதை இன்னிக்குக் காலையிலேயே வாசிச்சு முடிச்சிருப்பாங்க, மிண்டெலே. நான் பாட்டுக்கு விமானம் ஏறிட்டேன். இங்க வாசிக்கிறப்போ நான் திரும்பிப் போயிருப்பேன், இந்த வருஷம் எனக்கு எமோரே இல்லைன்னு நினைச்சேன்."

"அதான் உனக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மிண்டல் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு காலணிகளையும் கழற்றினார்.

சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், அன்று நான் எழுதுவதில்லை. ஞாயிறு காலை பதிவேட்டைத் திறந்து, காலை என்று இருந்ததை ஒரே கோட்டில் அடித்து மாலை என்று எழுதினேன். அண்ணனை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மிண்டல் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஒன்பதாம் வசனத்துல திருத்தம் ஒண்ணுன்னு போட்டியா?"

"போட்டேன்."

அருகே வந்து, கண்ணாடியை மேலே தள்ளிப் படித்துப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு செவ்வாய்க்கிழமை வகுப்புக்கான தாளை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.