வெள்ளிக்கிழமை டோக்கன்

போன ஞாயிறு காலை என் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி பிலோமி. மருமகள் ஷீலா. விருந்தாளி மொய்து காக்கா. அவ்வளவுதான். மகன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிருந்தான்.

மொய்து மலப்புறத்துக்காரர். அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். மகளைச் சிதம்பரத்தில் நர்சிங் சேர்க்க வந்தவர், எங்களைப் பார்க்க மந்தாரக்குப்பம் வந்தார். ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிறோம்.

இட்லி சாப்பிட்டார். கை கழுவினார். பிலோமியைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஷூ எங்கே?"

பிலோமி தட்டை எடுத்தாள். சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் ஓமானுக்குப் போக வேண்டும். வாருங்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம்.

நான் எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில், அறுந்த கன்வேயர் பெல்ட்டை ஒட்டினவன். கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆகும், ஆகும் என்று இருபது வருஷம்... ஆகவில்லை. ஓமானில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்கு பெல்ட் வேலை தெரிந்த ஆள் கேட்டார்கள். போனேன். ஃபோர்மேன் ஆக்கினார்கள். பிலோமியையும் வரவழைத்தேன். கேம்ப்பில் ஒரு தகர ரூம். மூன்று பக்கம் கல் மலை. நாலாவது பக்கம் கேட். கேட்டில் வாட்ச்மேன் — மொய்து காக்கா.

அங்கே வெள்ளிக்கிழமை லீவு. லீவு என்றால் எனக்குத் தூக்கம்.

"ஆறு நாளு இந்தத் தகர டப்பாவுல வெந்துகினு கெடக்கறேன். ஏழாம் நாளும் உங்க கொறட்டையத்தான் கேக்கணுமா?" என்றாள் பிலோமி.

"எங்க போறது? சுத்தியும் கல்லு."

"அந்தக் கல்லு மேலதான்."

இப்படித்தான் ஆரம்பித்தது.

ஷூ என்றால் என் பழைய சேஃப்டி ஷூ. இரண்டு சாக்ஸ் போட்டும் அவள் காலுக்குப் பெரிது. முன்னால் பேப்பர் அடைத்துக்கொண்டாள். நைட்டி. அதற்கு மேல் என் யூனிஃபார்ம் சட்டை. தலையில் குவாரி ஹெல்மெட். ஹெல்மெட் எதற்கு என்றேன். "கல்லு உருண்டு வந்தா?" என்றாள். சரிதானே? எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

குவாரியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்தார். அவரும் அவர் மனைவியும் ஆளுக்கு இரண்டு குச்சி ஊன்றிக்கொண்டு மலை ஏறுவார்கள். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். ஏதோ இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்திருப்பார்கள்.

மலைக்கு நடுவே வாதி. வாதி என்றால் காய்ந்த ஆறு. வெறும் கூழாங்கல். உள்ளே போகப் போகத் தண்ணீர் தெரிந்தது. கண்ணாடி மாதிரி ஒரு குட்டை. ஓரத்தில் நாலு பேரீச்ச மரம். எனக்குப் பேச்சு வரவில்லை. பிலோமிக்கு வந்தது.

"அடடா... துணியெல்லாம் எடுத்தாந்திருக்கலாம்."

காலை உள்ளே விட்டாள். பொடி மீன்கள் வந்து கடித்தன. அவள் போட்ட கத்தலில் மலை மேல் மேய்ந்த ஆடுகள் ஓடின. அப்புறம் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புளிசோறு. வறுத்த கருவாடு. சாப்பிட்டுவிட்டு நடந்தோம். நான் முன்னால். அவள் பின்னால்.

"பெல்ட் ஓரமா நடக்கற மாதிரியே நடக்கறீங்களே, குனிஞ்சுகினே. இங்க ரோலர் எதுவும் கெட்டுப் போவல. மேல பாருங்க."

பார்த்தேன். மலை இருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மனைவியோடு சேர்ந்து நடந்தது எவ்வளவு தூரம்? எனக்கு, தாலி கட்டி சர்ச்சிலிருந்து வீடு வரை. அதற்கப்புறம் ஷிப்ட். அவள் தூங்கும்போது நான் போவேன். நான் தூங்கும்போது அவள் சமைப்பாள். பெண்டாட்டியோடு நடக்க எனக்கு விசா தேவைப்பட்டது.

அதன் பிறகு வெள்ளி தவறாமல் போனோம். ஒரு வெள்ளி குகை. ஒரு வெள்ளி ஒரு மலையின் உச்சி — அங்கிருந்து பார்த்தால் எங்கள் தகர ரூம் தீப்பெட்டி மாதிரி இருந்தது. "அதுக்குள்ளயா இருக்கறோம்?" என்றாள்.

வாதிக்குள் போன் எடுக்காது. அங்கேதான் என் சுரங்கப் புத்தி வேலை செய்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கான்ட்ராக்டர் ஆட்களுக்கு டோக்கன் கொடுப்பார். சுரங்கத்தில் இறங்கும் முன் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே. பேச்சே கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் அலுமினியத் தகடு வெட்டினேன். நம்பர் அடித்தேன். பிலோமிக்கு 1. எனக்கு 2. கேட்டில் ஒரு பலகை, ஆணியோடு.

"எனக்கு?" என்றார் மொய்து காக்கா.

3 என்று அடித்துக் கொடுத்தேன். சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். "சும்மா இருக்கட்டும்டா அந்தோணி. நான் எங்கே போக? இந்த கேட்டுதான் என் மலை."

அவரிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காக்கா, பலகைய மட்டும் நம்புங்க. யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க. டோக்கன் தொங்குனா நாங்க உள்ள."

நான்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை. வாதிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பிலோமியின் ஷூ அடி பிய்ந்துவிட்டது. நொண்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்தோம். ஆடு ஏற்றிப்போன பிக்கப்காரர் ஒருவர் நிறுத்தினார். ஆடுகளோடு நாங்களும். மலையடி மண் பாதையில் வந்து, கேம்ப்பின் பின்பக்கம் இறக்கிவிட்டார். எங்கள் ரூம் அங்கிருந்து பத்து எட்டுத் தூரம். முன் கேட்டுக்கு யார் சுற்றிப் போவது? பிலோமிக்குக் கால் கொப்புளம். சாப்பிட்டோம். அணைந்துபோன போனை சார்ஜில் போட்டேன். படுத்தோம்.

டோக்கன்? இரண்டு பேருக்கும் நினைவில்லை.

சத்தம் கேட்டு விழித்தேன். நூறு பெல்ட் ஒன்றாக ஓடுகிற சத்தம். குவாரி லீவு... எந்த பெல்ட் ஓடும்? வெளியே வந்தேன். எங்கள் தலைக்கு மேல் வெயில். மலை மேல் கறுத்த மழை மேகம். வாதியில் தண்ணீர் வந்திருந்தது.

கேட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. நாற்காலி காலி. பலகையைப் பார்த்தேன்.

1. 2. பக்கத்தில் 3.

மேகத்தைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடிப் போயிருக்கிறார். அக்கம்பக்கம் யாரையும் கேட்கவில்லை. ரூம் கதவைத் தட்டவில்லை. பலகையை மட்டும் நம்பினார். நான் சொன்னபடி. போகும் முன் தன் டோக்கனையும் ஒழுங்காக மாட்டியிருக்கிறார்.

பின்பக்க வழியாக வாதிக் கரைக்கு ஓடினோம். பிலோமி வெறும் காலோடு. தண்ணீர் செம்மண் நிறத்தில் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் கத்தினேன். அவள் கத்தினாள். தண்ணீர் எங்களை விடச் சத்தமாகக் கத்தியது.

"அந்தா... அந்தா..." என்று கை காட்டினாள் பிலோமி.

அக்கரையில் ஒரு பாறை. அதன் மேல் மொய்து. இடுப்பு வரை நனைந்து, ஒரு கால் செருப்பில்லாமல். பாறைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர்.

அவரும் எங்களைப் பார்த்தார். எப்படி இருந்திருப்போம்? காய்ந்த துணி. தூங்கி எழுந்த முகம்.

"எடா! நீ உள்ளே இல்லையா?"

பிலோமிதான் சொன்னாள்.

"தூங்கிகினு இருந்தோம் காக்கா!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார்.

தண்ணீர் இன்னும் ஏறுமா, இறங்குமா — தெரியாது. நான் ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். உட்காரவே இல்லை. கொப்புளம் உடைந்து காலில் ரத்தம். அதையும் பார்க்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் என் கல்லின் மேல்பாதி வெளியே தெரிந்தது. அப்புறம் முழுதும் தெரிந்தது.

கயிறு வீசி இழுத்தோம். வந்தார். திட்டவில்லை. நேராகப் பலகைக்குப் போனார். 3-ஐ எடுத்துச் சாவிக்கொத்தில் கோத்தார். 1-ஐயும் 2-ஐயும் எங்கள் கையில் கொடுத்தார்.

"இனிமேல் தூங்கப் போகும்போது இதை எடுத்துட்டுத் தூங்கு."

அவ்வளவுதான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட வார்த்தை எனக்கு வராது. அன்று ராத்திரி அவருக்கு என் கையால் சோறு போட்டேன்.

சட்டம் போடுகிறவன்தான் அதை முதலில் மறப்பான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடி மட்டும் அதை நம்புகிறவனுக்கு.

அடுத்த வெள்ளி பிலோமி கிளம்பவில்லை. "என் காலு ஆசைக்கு ஒரு ஆளு போயிருப்பாருங்க," என்றாள். பிய்ந்த ஷூவைக் குப்பையில் போட்டாள். ஊர் திரும்பியும் அப்படித்தான். சர்ச்சுக்கு ஆட்டோ. கடைக்கு ஆட்டோ. இரண்டு வருஷமாகச் சுகர். போன மாசம் காலில் மரமரப்பு. "நடக்கலன்னா கால் போயிடும்மா," என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் சொன்னான். நான் சொன்னேன். கேட்கவில்லை.

சரி, திரும்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை. மந்தாரக்குப்பம். ஷூ எங்கே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மொய்து. கால் விஷயத்தை ஷீலா அவரிடம் சொன்னாள்.

"இங்கே வாதி ஏதும் இல்லையா அந்தோணி?"

"கெடிலம் இருக்குது காக்கா. திருவதிகை கிட்ட. இப்ப மணலுதான்."

சாவிக்கொத்தை எடுத்தார். அதிலிருந்து 3-ஐக் கழற்றினார். இன்னும் வைத்திருக்கிறார்! காலண்டர் ஆணியில் மாட்டினார். சமையல்கட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"நான் தனியா நடக்கப் போறேன். ஊர் தெரியாது. பாஷையும் பாதிதான். திரும்பி வரலைன்னா தேடி வரணும். இப்ப உங்க முறை."

வாசல் வரை போய்விட்டார்.

"காக்கா, நில்லுங்க!"

பிலோமி பைபிளை எடுத்தாள். ஜிப் கவரைத் திறந்தாள். உள்ளேயிருந்து 1. 2. குப்பையில் போட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டையும் ஆணியில் 3-க்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? சட்டையப் போடுங்க," என்றாள் என்னிடம்.

பஸ்ஸில் பண்ருட்டி. அங்கிருந்து கெடிலக்கரை. பிலோமி காலில் சுகர் காலுக்கென்று டாக்டர் சொன்ன எம்.சி.ஆர். செருப்பு. கரையில் நின்றாள். மேற்கே வானத்தைப் பார்த்தாள். மேகம் இல்லை. மறுபடி பார்த்தாள். மொய்து முன்னாலேயே மணலில் இறங்கி நின்றார்.

பிலோமி போனை எடுத்து ஷீலாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷீலா... ஆணியில எத்தினி தொங்குதுன்னு எண்ணிச் சொல்லு."

"இருங்க அத்தே, பாக்கறேன்."

பிலோமி ஒரு காலை மணலில் வைத்தாள்.

மூன்று.