அலுமாரிக்குள் நின்ற புள்ளி

முகிலுக்குள் பறக்கும் விமானிக்கு அவர் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவிகளைச் செய்தே, வெளிநாட்டில் என் முப்பது வருடம் போனது. எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் மீன்பிடித்த தம்பிக்கும் ஒன்று செய்து அனுப்பினேன். அதைக் கையோடு கொண்டுபோனால் அவன் நிற்கும் இடம் என் கைபேசியில் புள்ளியாகத் தெரியும். காலையில் எழும்பியதும் பார்ப்பேன். புள்ளி வீட்டில் நிற்கும். இரவு கடலுக்குப் போனவன் கரையேறிவிட்டான் என்று நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன்.

அவன் கடலோடு போன செய்தி கேட்டு வந்தபோது, தம்பியின் மனைவி அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்குள் கருவி பச்சை விளக்கோடு கிடந்தது.

"மீன் படுற இடத்தை மற்றவங்கள் அறிஞ்சிடுவாங்கள் எண்டு அவர் இதை ஒருநாளும் கொண்டுபோகேல்லை, அத்தான். புள்ளி தெரியாட்டி நீங்கள் யோசிப்பீங்கள் எண்டு நான்தான் சார்ஜ் போட்டு வைச்சனான்."

படித்த மடையன் நான். அது ஒருமுறையாவது அசைந்ததா என்று பார்க்கவில்லை. அவன் திரும்பாத காலையிலும் புள்ளி வீட்டில்தான் நின்றது. அன்றைக்கு இரண்டு கோப்பை தேநீர் குடித்தேன்.