கழுத்துக்குக் கீழே

“காலர் பட்டனைப் போடு தம்பி. ஐடி கார்டுக்கு நிக்கிறே, காத்து வாங்க வர்ல” என்பார் சாம்சன். சொல்லிவிட்டு, பையன் போடட்டும் என்று காத்திருக்கவும் மாட்டார். கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு நேராக வந்து, தன் கையாலேயே மேல் பட்டனைப் போட்டு, காலரை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்பிப் போவார். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது சாம்சன் ஸ்டூடியோ. தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்து இறங்குகிற பிள்ளைகள் ரூம் பிடித்த கையோடு இங்கேதான் வருகிறார்கள். இந்த ஊரில் உரிமையோடு அவர்கள் சட்டையைத் தொட்ட முதல் ஆள் பெரும்பாலும் சாம்சனாகத்தான் இருக்கும்.

தண்டலத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குள்ளமான உருவம், அகலமான தோள். எதற்கெடுத்தாலும் “ஸ்தோத்திரம்” சொல்கிற பழக்கம் உண்டு. போன கரண்ட் வந்தால் ஸ்தோத்திரம். டீ ஆறாமல் வந்து சேர்ந்தால் ஸ்தோத்திரம். குழந்தை கண்ணை மூடாமல் படத்தில் விழுந்துவிட்டால் கொஞ்சம் சத்தமாக ஒரு ஸ்தோத்திரம். பக்கத்து பிரியாணிக் கடைக்காரர் அதைக் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஐடி கார்டு போட்டோ வயிற்றுப்பாட்டுக்கு. சாம்சனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. இறந்துபோனவர்களுக்குப் படம் செய்வது.

இந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறபோது யாரும் தனக்கென்று ஒரு நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. போன பிறகு வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டையோ, கல்யாண குரூப் போட்டோவையோ தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதில் ஆள் சட்டையில்லாமல் இருப்பார், அல்லது பந்தியில் பாதி வாயோடு இருப்பார். சாம்சன் முகத்தைக் கழுத்தோடு வெட்டி எடுத்து ஒரு நல்ல உடம்பில் பொருத்திவிடுவார். ஆண் என்றால் வெள்ளைச் சட்டை. பெண் என்றால் அரக்கு நிறப் பட்டுப் புடவை. அந்த வெள்ளைச் சட்டைக்குள் இருப்பது சாக்ஷாத் சாம்சனின் தோள்தான். பட்டுப் புடவைக்குள் இருப்பது அவர் மனைவி லீலாவின் தோள். பல வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் கழுத்துவரை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்ததோடு சரி. செம்பரம்பாக்கம் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில், மாலைக்குப் பின்னால், யார் யார் முகத்துக்கோ கீழே இந்தத் தம்பதிதான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“துக்கம் கேக்கப் போனா எனக்கு அழுகையே வர மாட்டேங்குதுங்க. நிமிந்து பாத்தா என் பொடவயே மாட்டிக்கினு கீது” என்பாள் லீலா. ஸ்டூடியோவில் லேமினேஷன் அவள் இலாகா. வாயும் அவள் இலாகாதான்.

இத்தனை பேரையும் சுவரேற்றிய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். உதிரி பாகம் வாங்கிச் சேர்த்த பெட்டி. பக்கவாட்டு மூடியைக் கழற்றி எறிந்து வெகு காலம் ஆகிவிட்டது. உள்ளே சூடு ஏறாமலிருக்க ஒரு டேபிள் ஃபேன் எந்நேரமும் அதற்கு மட்டும் வீசிக்கொண்டிருக்கும். சாம்சன் வேர்வையில் குளித்துக்கொண்டிருப்பார். நடுவில் நின்றுபோனால் தலையில் ஒரு தட்டு, இடுப்பில் ஒரு தட்டு. மானிட்டருக்கோ வயதாகி, கொஞ்சம் இருட்டான இடம் வந்தாலே கரியைப் பூசியதுபோல் மொத்தமாகக் கருப்பாகக் காட்டும். “அதுக்கு ராத்திரி ஆச்சின்னா அப்புறம் விடியவே விடியாது” என்று அவரே சொல்வார். ஆனால் மாற்றமாட்டார். அதன் கோளாறெல்லாம் இவர் கைக்குப் பழகிப்போயிருந்தது.

அப்படிப்பட்டவரிடம் மேக் என்கிற ஆப்பிள் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது ஒரு கொரியாக்காரரால். உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினியர். ஸ்ரீபெரும்புதூரில் குடும்பத்தோடு இருந்தார். விசாவுக்குக் கைக்குழந்தையைப் படமெடுக்க வந்தபோது, அது அழுத அழுகையில் ஊரே கூடிவிட்டது. சாம்சன் வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேறு எவரையும் உள்ளே விடாமல், குழந்தை தூங்கி எழுந்து தானாகச் சிரிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதை அந்த மனிதர் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற வாரம் காரில் வந்து, தான் புழங்கிய மேக்கை மேசைமேல் வைத்தார். சாம்சன் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு இடுப்பை வளைத்து வணங்கினார். சாம்சனும் வளைந்தார். அவர் மறுபடி வளைந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இருவரும் வாசல்வரை வணங்கிக்கொண்டே போனார்கள்.

வந்ததை ஒரு டர்க்கி டவலைப் போட்டு மூடி வைத்துவிட்டார் சாம்சன். “பாக்கவே பயமா கீது லீலா. வெறும் கண்ணாடிதான் கீது. சிபியு எங்கன்னே தெர்ல” என்றார். லீலா தினமும் டவலின்மேல் தூசி தட்டினாள்.

டவலை எடுக்க வைத்தது இசக்கிபாண்டி.

கார் சீட்டு செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற பையன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர். அம்மா திடீரென்று போய்விட்டாள். கொள்ளி வைத்துவிட்டு, லீவு இல்லாததால் மொட்டைத் தலையோடு திரும்பி வந்திருந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போகவேண்டும். போகும்போது படம் வேண்டும்.

“போட்டோன்னாலே உள்ள போயிருவா அண்ணாச்சி. ஆதார் கார்டுல பயந்துபோய் முழிக்கா. அது வேண்டாம். இது ஒண்ணுதான் இருக்கு” என்று செல்போனை நீட்டினான். படத்தில் இருந்தது புத்தம்புது பைக். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மங்கின வெளிச்சத்தில் வீட்டு வாசலில் வைத்து எடுத்தது. பைக்குக்குப் பின்னால், கதவு நிழலில், ஒரு முகம். ஏதோ பேசவந்து சிரித்த மாதிரி. கழுத்துக்குக் கீழே ஒரே இருட்டு.

“பைக்கத்தான் எடுத்தேன். அம்ம பின்னால நிக்கான்னு எனக்கே தெரியாது” என்றான்.

சாம்சன் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பெட்டியைத் தட்டி எழுப்பி, முகத்தை வெட்டி, வெளுப்பாக்கி, லீலாவின் பட்டுப் புடவையில் பொருத்திக் காட்டினார். இசக்கிபாண்டி வெகு நேரம் பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“அப்புறம் இன்னா தம்பி?”

“மொகம் எங்கம்ம மொகந்தான். ஆளு எங்கம்ம இல்ல.” சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. “நாளைக்கி ஷிப்டு முடிஞ்சி நேரா வாரேன். பஸ்ஸுக்குப் போணும். அதுக்குள்ள எதாவது பண்ண முடிஞ்சா பாருங்க. முடியலன்னா இதையே கொண்டு போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேண்டாம் என்று முகத்தில் எறிந்திருந்தால்கூட சாம்சன் தாங்கிக்கொண்டிருப்பார். ‘இதையே கொண்டு போறேன்’ என்றதுதான் அவரைப் போட்டு வாட்டிவிட்டது. அந்தப் பையன் இனி ஆயுசுக்கும் யாரோ ஒருத்தியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பானே என்று இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். அது பாதியில் நின்றது. தலையில் தட்டினார், இடுப்பில் தட்டினார். ஒரு தரம் முனகிவிட்டு அணைந்தது. பிறகு எழவே இல்லை. அன்று காலை ஸ்தோத்திரம் வரவில்லை.

லீலா வந்து டவலை உருவினாள். “அது இன்னா பொணமா, மூடி வெச்சிக்கினு? எடுங்க. அந்தப் புள்ள வந்துரும்.”

சுவிட்சைப் போட்டதும் கோயில் மணி மாதிரி ஒரு ஓசை எழுப்பிக்கொண்டு விழித்தது மேக். எழுத்தெல்லாம் கொரிய மொழி. சாம்சன் ஆடிப்போய்விட்டார். பழக்கதோஷத்தில் சுண்டுவிரல் பழைய இடத்துக் கன்ட்ரோல் பட்டனுக்கே ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. அதே வேலைக்கு இங்கே கட்டைவிரல் பக்கத்தில் வேறு பட்டன் என்று தட்டித் தட்டித் தெரிந்துகொண்டார். ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறியை வலது மூலையில் தேடினார், அது இடது மூலையில் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்திருந்தது. மவுஸுக்கு சார்ஜ் இறங்கியபோது வயரை எங்கே சொருகுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அடிவயிற்றில் துளை இருந்தது. “பாரு லீலா, மல்லாக்கப் படுத்துக்கினு சோறு துன்னுது!” என்று அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார். லீலாவும் சிரித்தாள்.

பையன் முந்தின நாள் அனுப்பியிருந்த படம் சாம்சனின் போனிலிருந்து ஏறியது. ஓரத்தில் வரிசையாக இழுவைக் கோடுகள். எது என்னவென்று கொரிய மொழியில் எழுதியிருந்தது. பேர் தெரியாவிட்டால் என்ன, இழுத்துப் பார்த்தால் குணம் தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்று படத்தை நீலமாக்கியது. ஒன்று பைக்கைப் பளபளக்க வைத்தது. அடுத்ததை இழுத்ததும், கதவு நிழல் மெல்ல விலகியது.

முதலில் நிலைப்படி தெரிந்தது. அப்புறம் சுவரில் சாத்திய விளக்குமாறு. அப்புறம் அவள் தோள். சாம்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தார். புடவைமேல் ஒரு சட்டை. ஆம்பளைச் சட்டை. முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். சாம்பல் நிறம். சட்டைப்பைமேல் ஆரஞ்சுப் பட்டை. மேல் பட்டன் திறந்திருக்க, உள்ளே மஞ்சள் கயிறு.

“இன்னாங்க, ஆம்பள சட்டயப் போட்டுக்கினு கீது?” என்று குனிந்த லீலா, தானே சொன்னாள்: “கழனிக்குப் போவ சொல்லோ போட்டுக்கினு இருந்திருக்கும். எங்கம்மாகூட அப்படித்தான். கதிரு கைய அறுக்காம இருக்க.”

அந்தச் சட்டையைச் சாம்சனுக்குத் தெரியும். தினம் தினம் அதற்குத்தான் காலர் பட்டன் போட்டுக்கொண்டிருக்கிறார். கார் சீட்டு கம்பெனியின் யூனிஃபார்ம் அது.

“பட்டுப் பொடவயப் போட்டுடட்டுமா? காரியத்துல நாலு பேரு பாப்பாங்களே” என்று லீலாவைக் கேட்டார். அவள் தன் புடவைக்காக வாதாடுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“என் பொடவ போதும்ங்க. ரொம்ப பேரு கட்டிக்கினாங்க. இது அது போட்ட சட்ட” என்றாள் லீலா.

சாம்சன் படத்திலிருந்து பைக்கை எடுத்துவிட்டார். விளக்குமாற்றையும் எடுத்தார். முகத்தை வெளுப்பாக்க வழக்கம்போல் கை போனது. கொரியாக்காரரின் கண்ணாடித் திரையில் அந்த முகத்தின் கருப்பு அத்தனை சுத்தமாக, பொட்டு வைத்த இடத்தில் வியர்வைகூடத் தெரிய இருந்தது. கையை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழுத்துக்குக் கீழே எத்தனை பேருடைய என்னென்னவற்றை வெட்டி எறிந்தோமோ என்று ஒரு கணம் மனது கூசியது. பிரிண்ட் எடுத்து, ஃபிரேம் போட்டு, மேசையில் நிறுத்தினார். பையன் பார்த்து அவமானப்பட்டுவிடுவானோ என்ற பயத்தில் அதைத் துணியால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார்.

ஷிப்டு முடிந்து தோளில் பையோடு இசக்கிபாண்டி நேராக வந்தான். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. சாம்சன் துணியை எடுத்தார்.

அவன் கிட்டே போனான். படத்திலிருந்த சட்டைப்பையை விரலால் தொட்டான். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டான். அங்கேயும் ஆரஞ்சுப் பட்டை.

“இது ஏஞ்சட்டை அண்ணாச்சி. சேந்த புதுசுல குடுத்தது. கிழிஞ்சிட்டுன்னு பைக்கு தொடைக்க ஊருக்குக் கொண்டு போனேன். தொடைக்கக் குடுக்க மாட்டேன்னுட்டா. களை எடுக்கப் போவையில இதத்தான் போட்டுக்கிடுவா. ஏம் மவன் கம்பெனிச் சட்டைன்னு ஊரெல்லாம் சொல்லுவா.”

லீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. தன் புடவை இல்லாத படம் என்பதால் வந்ததோ என்னவோ.

“எங்கம்மயக் குடுத்துட்டிய அண்ணாச்சி” என்று சாம்சனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான் பையன்.

“நான் இன்னா பண்ணேன்? இருட்டுல நின்னுகினு இருந்துது. அவ்ளோதான். அந்தக் கொரியாக்காரருக்குச் சொல்லு. இதுக்குச் சொல்லு” என்று மேக்கைக் காட்டினார் சாம்சன். “ஸ்தோத்திரம்” என்றார். பிரியாணிக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

இன்றைக்கும் காலையில் கடை திறந்தால் முதல் ஸ்தோத்திரம் மேக்குக்குத்தான். டேபிள் ஃபேன் இப்போது சாம்சனுக்கு வீசுகிறது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் அவ்வப்போது பழைய இடத்துக்குப் போய்த் திரும்புகிறது.

அன்று புறப்படும்போது இசக்கிபாண்டி வாசலில் தயங்கினான். “எங்க ரெண்டு பேருக்கும் சேந்து ஒரு படங்கூட இல்ல அண்ணாச்சி.”

“அவ்ளோதானே? வா, நில்லு. பக்கத்துல சேத்துடறேன். பஸ்ஸ விட மாட்டே” என்றார் சாம்சன். பையன் பையை இறக்கி வைத்துவிட்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றான். இந்தக் கடை வழக்கம் தெரிந்தவன், தானாகவே காலர் பட்டனைப் போட்டுக்கொண்டான். சாம்சன் கேமராவில் பார்த்தார். தலையைத் தூக்கி, மேக்கில், மேல் பட்டன் போடாத சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்த அவன் அம்மாவைப் பார்த்தார். வழக்கம்போல் கேமராவை விட்டுவிட்டு நேராக வந்து, பையனின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டார்.