முக்கொம்பு முதல் கல்லணை வரை, ஒரு வளைவு நீங்கலாக

உலகத்தில் சிலர் மாதக்கணக்கில் மலைமேல் நடக்கிறார்கள். முதுகில் கூடாரம், கையில் கோல், கரடி வந்தால் என்ன செய்வது என்று ஒரு திட்டம். அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவன் நான். கே.கே. நகர் வீட்டு சோபாவில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் மிக்சர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு ஒருநாள் தில்லை நகர் டாக்டர் என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "தினம் அரை மணி நேரம் நடங்க சார், போதும்" என்றார். அரை மணி நேரமாம். இத்தனை மலைகளைப் பார்த்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

வீட்டுக்கு வந்ததும் காலேஜ் நண்பர்கள் மூவருக்கும் செய்தி அனுப்பினேன். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பில் ஆரம்பிக்கிறோம். ஸ்ரீரங்கம் தீவின் தலையிலிருந்து வால் வரை நடந்து கல்லணையில் முடிக்கிறோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். லீடர் நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மூவரில் ஒருவன் துபாயில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து பாலக்கரையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். திருச்சி வெயிலைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். இன்னொருவன் ஸ்ரீரங்கத்துக்காரன், பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவன், தீவில் கொஞ்சம் வாழைத்தோட்டம் உண்டு. மூன்றாவது எங்கள் வகுப்புத் தோழி. ஸ்கூலில் கணக்கு எடுப்பதால் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவோம். நான் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே நம்பி, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்கிற ரகம்.

இதில் எனக்கு ஒரு அந்தரங்கக் காரணம் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் நான் முழுசாக முடித்தது என்று ஒன்றும் கிடையாது. இந்திப் பரீட்சை இரண்டோடு நின்றது. டைப்ரைட்டிங் லோயரோடு. ஜிம் பதினோரு நாள். மாடித் தோட்டத்தில் தொட்டிகள் மட்டும் செழிப்பாக இருக்கின்றன. புது ஷூவோடு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இது எதுவரைக்கும்?" இந்த ஒன்றையாவது குறை சொல்ல இடமில்லாமல் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அதனால் விதிகள் போட்டேன். வண்டி வாகனத்தில் ஏறக்கூடாது. ஒவ்வொரு வாரமும் நடை முடிகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்த வாரம் அந்தக் கோட்டின் மேல் காலை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். சாக்பீஸ் டீச்சரின் கைப்பையில் எப்போதும் இருக்கும். கோடு போடுவது அவள் வேலை, கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

முதல் ஞாயிறு மேலூர் வரை. இரண்டாவது ஞாயிறு திருவானைக்கோவில். ஆவணி மாதம், ஆற்றில் தண்ணீர் நிறைய. மற்ற மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் போனில் காலடி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது ஞாயிறுதான் என் தலைமைப் பண்பு முழுசாக வெளிப்பட்டது. திருவளர்ச்சோலை தாண்டும்போது டீச்சருக்குக் குதிகால் வலி. "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வரேன்" என்றாள். நாங்கள் உத்தமர்சீலி போய்ச் சேர்ந்தபோது அவள் எங்களுக்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ல வந்துட்டேன்ப்பா. காலை ஊன முடியல" என்றாள். மறைக்கவே இல்லை.

"அதனால என்ன, விடு" என்றார்கள் மற்ற இருவரும்.

நான் விடவில்லை. "அப்படின்னா அந்தத் தூரம் உனக்குக் கணக்குல வராது" என்றேன், கணக்கு டீச்சரிடம்.

"சரி லீடர்" என்றாள். புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் திருவளர்ச்சோலைக்குப் போய், அங்கிருந்து தனியாக, அந்தக் காலை வைத்துக்கொண்டு உத்தமர்சீலி வரை நடந்திருக்கிறாள். சாக்பீஸ் கோட்டின் மேல் தன் செருப்புக் கால் இருக்கிற படத்தை குரூப்பில் போட்டாள். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டேன். அதற்கு மேல் பாராட்டினால் மற்றவர்களுக்கும் துளிர்விட்டுப் போகும் என்று நினைத்தேன்.

கடைசி ஞாயிறு எல்லோருக்கும் வெள்ளை டீ-ஷர்ட் கொடுத்தேன். நெஞ்சில் பெரிய எழுத்தில், "ஒவ்வொரு அடியும் எங்கள் காலால்". வாசகம் என்னுடையதுதான். நீண்ட நடைக்குப் புது ஷூ ஆகவே ஆகாது என்று மூன்று வாரமாகப் பாடம் எடுத்துவந்த நான், அன்று காலில் இன்னொரு புத்தம் புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தேன். போட்டோவுக்காக.

உத்தமர்சீலி கோட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே குதிகாலில் கொப்புளம். நொண்டுவது தெரியக்கூடாது என்பதற்காக, பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறவன் போல வேகமாக முன்னால் போனேன். தார் ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பாலம், அதையடுத்து ஒரு வளைவு. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னும் பின்னும் வாழைத்தார்.

"என்ன சார், கால் நொண்டுதே? கிளிக்கூடு வரைக்கும்தான் போறேன், ஏறிக்கங்க."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சில் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியும் இருக்கிறது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "இடம் இருக்குமா?"

"இந்த ஒரு தாரை மட்டும் மடியில வெச்சுக்கங்க சார்."

திரும்பிப் பார்த்தேன், வாழை மரங்கள் மறைத்த ரோட்டில் யாரும் தெரியவில்லை. தாரைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளிக்கூடு போய் இறங்கினேன். காற்று சுகமாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து முதலில் டீச்சர் வந்தாள், பின்னால் மற்ற இருவர்.

"மாஷா அல்லா! லீடர் பறக்குறாருப்பா!" என்றான் பாத்திரக் கடைக்காரன்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும், பார்வை பத்தடிக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, டீ ஆறும் வரை வேகநடை பற்றி வகுப்பெடுத்தேன். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து நீட்டினாள்.

"கால்ல போட்டுக்க. நொண்டுற மாதிரி இருந்துச்சு."

"நானா? இல்லவே இல்லையே" என்றேன். ஆனாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லணையில் எங்களுக்காக யாரும் மாலையோடு காத்திருக்கவில்லை. மீன் வறுவல் வாசனை, பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ், ஐஸ் வண்டி. ஆனாலும் நாங்கள் நால்வரும் அணைமேல் கையைக் கோத்துக்கொண்டு கடைசி அடியை எடுத்து வைத்தபோது மற்ற மூவர் முகத்திலும் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். என் முகத்தில் அதையே செய்து காட்டினேன். போட்டோ எடுக்க நின்றபோது ஸ்ரீரங்கத்துக்காரன் என் சட்டையை உற்றுப் பார்த்தான்.

"டேய், என்னடா இது? வாழைக்கறையாட்டம்னா இருக்கு?"

குனிந்து பார்த்தேன். பட்டபோது வெறும் தண்ணீர் போல இருந்தது, இப்போது காய்ந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது. சரியாக "எங்கள் காலால்" மேல்.

"தோட்டத்து வேலியில சாஞ்சேன்" என்றேன். வாழைத்தோட்டக்காரனிடம்.

"ஓ" என்றான் அவன். டீச்சர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் என் மனைவி போட்டோவைப் பார்த்து மனதாரச் சந்தோஷப்பட்டாள். "பரவாயில்லையே, முடிச்சுட்டீங்களே! ஹால்ல மாட்டிடுவோம்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ-ஷர்ட்டைச் சோப்பில் ஊறவைத்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். "வாழைக்கறை போகவே போகாதுங்க, எங்க போய் உரசுனீங்க?" என்று மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். புதன்கிழமை சாயங்காலம் ஊரையே கழுவிவிடுகிற மாதிரி ஒரு மணி நேரம் மழை அடித்தது. மழை நின்றதும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கறை இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

அந்தக் கொடியடியில் நிற்கும்போதுதான், அதே மாதிரி ஒரு புதன்கிழமை, வலிக்கிற காலோடு டீச்சர் தனியாக நடந்தது நினைவுக்கு வந்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. போட்டோவை மாட்ட ஆணி அடிக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். "சுவர்ல ஈரமா இருக்கு" என்றேன். அதுவும் பொய்தான்.

அடுத்த ஞாயிறு காலை யாரிடமும் சொல்லாமல் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உத்தமர்சீலியில் இறங்கி, நான் மொபெட்டில் ஏறிய அந்தச் சின்னப் பாலத்துக்கு நடந்தேன். சரியாக எந்த இடத்தில் ஏறினேன் என்று தேட வேண்டியிருக்குமே என்று யோசித்துக்கொண்டே போனேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்ற சுவரில் வெள்ளையாக ஒரு சாக்பீஸ் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. பக்கத்தில், கரும்பலகையில் எழுதுகிற அந்த உருண்டைக் கையெழுத்தில், "இங்கிருந்து".

டீச்சருக்குப் போன் செய்தேன்.

"பாலத்துக்கிட்ட நிக்கிறேன்" என்றேன்.

"அப்பாடா, வந்துட்டியா?" என்றாள். "சர்ச்ல பூசைக்குக் கிளம்பிட்டிருக்கேன், சீக்கிரம் சொல்லு."

"நீ பார்த்தியா?"

"நொண்டுறியேன்னு பிளாஸ்திரி குடுக்க ஓடி வந்தேன்ப்பா. அதுக்குள்ள தாரைக் கட்டிப்பிடிச்சிட்டு ஏறிட்ட. அவங்க ரெண்டு பேரும் ரொம்பப் பின்னால வந்தாங்க. அவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

டீக்கடையில் நான் எடுத்த மூச்சுப் பயிற்சி வகுப்பு முழுவதும் ஒரு நொடியில் ஞாபகத்துக்கு வந்தது. காது மடல் வரை சுட்டது.

"எங்கிட்டயும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஏதாவது விளக்கம் குடுப்ப. நீயே வருவேன்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்கு அந்த மழை ஞாபகம் வந்தது. புதன்கிழமை அடித்த அடிக்கு, சுவரில் போட்ட சாக்பீஸ் எப்படித் தங்கும்?

"மழையில அழியலையா இது?" என்று கேட்டேன்.

"அழிஞ்சிருக்கும்னுதான் வியாழக்கிழமை ஸ்கூல் விட்டுப் போய்ப் பார்த்தேன். சுத்தமா இல்ல. மறுபடி போட்டுட்டு வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாழைத்தார் வண்டிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். நல்லவேளை, அவர் நிறுத்தி ஏறச் சொல்லவில்லை.

"குதிகால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன்.

"அது பரவாயில்ல. மணி அடிச்சிடப் போறாங்க, நான் போகணும்" என்றாள். "காலை அந்தக் கோட்டுக்கு நேரா வெச்சு ஆரம்பி, லீடர்."

வைத்தேன்.