வெள்ளை மூடிக் குப்பிகள்

ஆவியக்கா என்று அவளுக்குப் பேர் வைத்தது யார் என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. படிக்கட்டுக்குப் பின்னால் சன்னலே இல்லாத அறையில், நாளெல்லாம் ஆவிக்கு நடுவே நிற்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? புதிதாக வருகிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிடத் தயங்குவார்கள். "தைரியமா கூப்பிடுங்க. நெஜப் பேய்க்காவது பகல்ல லீவு உண்டு, எனக்கு அதுவும் இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வேலை கொல்வது. மேலே ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்த்துப் பார்த்து முடித்த கிருமிகள் கீழே வரும். ஆளுயர எஃகு மெஷினுக்குள் அடுக்கி, கதவைத் திருகி மூடி, முப்பது நிமிடம் ஆவியில் வேகவிட வேண்டும். செத்ததைக் கொட்டிக் குப்பியைக் கழுவி, கிருமிகள் தின்று வளர்கிற சத்துநீரைப் புதிதாக ஊற்றி, அதையும் முப்பது நிமிடம் வேகவைத்து மேலே அனுப்ப வேண்டும். யாரோ ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது இரண்டு மாதத்துக்கென்று வந்தவள். பதினோரு வருடம் ஓடிவிட்டது, இன்னும் தற்காலிகம்தான். கதவு விளிம்பு சுட்ட தழும்பு இடது மணிக்கட்டில் மூன்று கோடாக இருக்கும். மெஷின் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே உள்ளே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள்.

மேலே என்னதான் செய்கிறார்கள் என்று அவளுக்கு உட்கார்ந்து விளக்கிய ஒரே ஆள் குருவி. ஒல்லி உடம்பு, கீச்சுக்குரல், ஒரு இடத்தில் நிற்காத கால். அக்காதான் அப்படிப் பேர் வைத்தாள். செவ்வாயில் ஒருகாலத்தில் ஏரிகள் இருந்து வற்றிப்போயின என்றாள் குருவி. ஏரி வற்றினால் உப்பு மிஞ்சும். உப்புக்கல்லுக்குள் சொட்டுத் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அந்தச் சொட்டுக்குள் ஏதாவது உயிர் உறங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்புவது எப்படி? அங்கே போவதற்கு முன்னால், இங்கே வற்றிப்போன ஏரிகளின் பழைய உப்பை வைத்துப் பழகுகிறார்கள்.

"கல்லுக்குள்ள தூங்குறதை எழுப்பி என்ன கேக்கப் போறே?"

"எத்தனை வருஷமா தூங்குறேன்னு கேப்பேன்."

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும், போ."

குருவிக்கு ஒரு வருடப் பயிற்சி வேலை. அதற்குள் அவள் பிடித்தாக வேண்டியது ஒன்று இருந்தது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்று கிரக ஆய்வு மையம் ஒன்று கொடுக்கிற மூன்று வருட உதவித்தொகை. சொந்தமாக ஒரு சின்ன ஆய்வறை, சொந்தக் கேள்வி. இருப்பது ஒரே இடம். வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை எழுதிப் போட்டு, இரண்டு முறையும் "முடிவுகள் போதவில்லை" என்று வந்துவிட்டது.

ஒரு தாங்கியில் பன்னிரண்டு குப்பிகள் வைப்பாள். பத்தில் உப்புத்தூள் விழும். வெள்ளை மூடி போட்ட இரண்டில் எதுவும் விழாது, வெறும் சத்துநீர்தான். எல்லாம் வெப்ப அறையில் மூன்று வாரம் நிற்கும். உள்ளே உயிர் ஏதாவது வளர்ந்தால் நீர் கலங்கும். வெள்ளை மூடி கலங்கினால் அழுக்கு வந்தது உப்பிலிருந்து அல்ல, இந்தக் கட்டடத்திலிருந்து என்று அர்த்தம். தாங்கி மொத்தமும் குப்பைக்குப் போகும். அப்படி இரண்டு முறை ஆனது. இரண்டு முறையும் குருவி கழுவுதொட்டிமேல் சாய்ந்து அழுதாள். இரண்டு முறையும் கூடத்துத் தலைவரான பேராசிரியர் கீழே இறங்கி வந்து, "முப்பது நிமிஷம் முழுசா ஓடுச்சா அம்மா?" என்று கேட்டார். ஓடியிருந்தது. ஆனாலும் மூன்றாவது முறை நடந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது முறை ஓடவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் மின்சாரம் கண் சிமிட்டியது. டைமர் மறுபடி முப்பதுக்குப் போய் நின்றது. அக்கா நிற்க முடியாத அவசரத்தில் இருந்தாள், கடைசி நேரடிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. உள்ளேதான் சூடு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். அந்தச் சத்துநீர்தான் குருவியின் தாங்கிக்குப் போனது.

மூன்று வாரம் கழித்துக் காலை ஏழு மணிக்கு வெப்ப அறையின் தரையைத் துடைக்கப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டும் கலங்கியிருந்தன. பத்தும் கலங்கி, வெள்ளை மூடி இரண்டும் கலங்கி. கீழே போனாள். சமீபத்தில் முழு நேரம் வேகவைத்த சத்துநீரில் இரண்டு குப்பி எடுத்து வந்தாள். குப்பிக்கு எண் எழுதும்போது குருவி ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுப்பாள். அதே மாதிரி கோடு இழுத்து எண்ணை ஒட்டி, வெள்ளை மூடியைப் போட்டு வைத்தாள். கலங்கிய இரண்டையும் வேகவைத்து, கொட்டி, கழுவி, மற்ற குப்பிகளோடு கவிழ்த்துவிட்டாள். தன் வேலை தப்பியது, அந்தப் பெண்ணும் அழ வேண்டாம். அவ்வளவுதான் நினைத்தாள்.

பத்து மணிக்கு மேலேயிருந்து கேட்ட அலறலில் அவள் கையிலிருந்த குப்பி கழுவும் பிரஷ் விழுந்தது. குருவி படிக்கட்டை இரண்டு இரண்டாகத் தாண்டி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! பத்தும் கலங்கியிருக்கு. ரெண்டு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு!"

"அதனால என்ன?"

"அதனாலதான் எல்லாமே. அந்த ரெண்டும் சுத்தமா இருக்கிறதாலதான் மத்த பத்துல வந்தது உப்புலேருந்து வந்ததுன்னு சொல்ல முடியும். அந்த ரெண்டும்தான் எனக்குச் சாட்சி. நீங்க ஒழுங்கா வேகவெச்சீங்க பாருங்க, உங்க கைக்கு மோதிரம் போடணும்."

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது.

அன்றைக்கு மாலைக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. பேராசிரியர் முதல்முறையாக அவள் அறைக்கு வந்து குறை சொல்லாமல் திரும்பினார். படம் எடுத்தார்கள். அக்காவையும் இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு விண்ணப்பம் முடிகிறது, குருவி இரவு பகலாக எழுதுகிறாள் என்று சொன்னார்கள். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அக்காவின் காதில் யாரோ கதவைத் திருகி மூடுவது போல விழுந்தது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் தையல் மெஷினை விட்டுக் காலை எடுக்காமலே கேட்டார்.

"ரெண்டு பாட்டிலை மாத்துனதுக்கா உலகம் இடிஞ்சு விழப் போகுது?"

"உலகம் விழாதுங்க. அந்தப் பொண்ணு விழும். நாளைக்கு வேற யாராச்சும் செஞ்சு பாத்து பொய்யின்னு சொன்னா, அப்புறம் அதை எந்த லேப்லயும் படியேத்த மாட்டாங்க."

"அப்பச் சொல்லிடு."

"சொன்னா என்னை அனுப்பிடுவாங்க."

"அப்பச் சொல்லாதே." ஊசியில் நூலைக் கோத்தார். "என்னைய எதுக்குக் கேக்குற? எனக்குச் செவ்வாயும் தெரியாது, புதனும் தெரியாது."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா மேலே போனாள். குருவியின் அறை காலி பெட்டி அளவுதான் இருக்கும். திரையில் விண்ணப்பம் நிரம்பியிருந்தது. அக்கா கதவைச் சாத்திவிட்டு, நின்ற இடத்திலேயே, மின்சாரம் போனதிலிருந்து குப்பி மாற்றியது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவாள், அழுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று வந்திருந்தாள்.

குருவி எதுவும் செய்யவில்லை. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கால் மட்டும் நின்றுபோனது. மிகவும் மெதுவாக, "அந்தப் பழைய ரெண்டு குப்பி எங்க?" என்று கேட்டாள்.

"வேகவெச்சுக் கழுவிட்டேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"இங்க?"

"யாருக்கும் தெரியாது."

குருவியின் தோள் இரண்டும் நிம்மதியாக இறங்கின. அதைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு முதல்முறையாக அவளைக் கண்டு பயம் வந்தது.

"அக்கா, நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல" என்றாள் குருவி. திரும்பி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் போய்விட்டது.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. குருவி இறுதிச் சுற்றில் இருக்கிறாள், போட்டிக்கு இன்னும் ஒருவர்தான். ஆனால் தேர்வுக் குழுவினர் இருவர் நேரில் வருவார்கள். அவர்கள் கண்முன் அவர்கள் கையாலேயே உப்பு போடப்படும். வெப்ப அறையைப் பூட்டிச் சாவியை அவர்களே எடுத்துப் போவார்கள். மூன்று வாரம் கழித்து வந்து அவர்களே திறப்பார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்திய நாள் காலை. அக்கா பன்னிரண்டு குப்பியிலும் சத்துநீர் ஊற்றி, வெள்ளை மூடி இரண்டை ஓரத்தில் வைத்து, தாங்கியை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். குருவி வந்து கதவைச் சாத்தினாள். இந்த அறைக்கு வந்து அவள் கதவைச் சாத்தியதே இல்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா வைக்காதீங்க அக்கா."

"ஏன்?"

"வெள்ளை மூடி ரெண்டையும் தனியா, முழு நேரம் வைங்க. மத்த பத்தையும் ஒன்பது நிமிஷத்துல எடுத்துடுங்க." குரலில் கீச்சு இல்லை. "அன்னைக்கு ஒன்பதுல நின்னுச்சே, அதே மாதிரி."

ஆவி சுவரில் வழிந்து இறங்கியது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"இது அன்னைக்கு மாதிரி இல்ல, குருவி. அன்னைக்கு நான் பயந்து செஞ்சேன்."

"நானும் பயந்துதான் கேக்குறேன். எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. இடம் கிடைச்சா எனக்கு ஒரு உதவியாளர் வெச்சுக்கலாம், நிரந்தரமா. உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். பதினோரு வருஷமா இந்தக் குகைக்குள்ள என்னத்தைக் கண்டீங்க?"

அக்கா தாங்கியைத் தூக்கினாள். பன்னிரண்டையும், வெள்ளை மூடியும் சேர்த்து, உள்ளே தள்ளினாள். மெஷின் கதவின் சக்கரத்தைத் திருகி மூடினாள். டைமரை முப்பதில் வைத்தாள். சூடு காட்டும் முள் ஏறிக் கோட்டைத் தொட்டதும் டைமரில் எண்கள் குறையத் தொடங்கின.

குருவி சுவரோரம் போய் நின்றாள். அக்கா மனசு மாறுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. மெஷின் நீளமாக மூச்சு விட்டது.

"ஒன்பது ஆச்சு" என்றாள் குருவி.

அக்கா சக்கரத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பொறுக்க முடியாத சூடு இல்லை, ஆனால் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா. ஒன்பது ஆச்சு. தெறங்க."

"அந்த உப்புக்குள்ள நெஜமாவே ஏதாச்சும் இருந்தா, அது தானா எழுந்து வரட்டும்."

"இல்லன்னா?"

எண் இருபதுக்கு வந்தது.

"இல்லன்னா அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க" என்று குருவியே பதிலும் சொன்னாள். "ஒரே ஒருத்தர் பேரைத்தான் நான் சொல்லுவேன். எனக்கு எதுவும் தெரியாது. நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லவே இல்லையே."

"தெரியும்" என்றாள் ஆவியக்கா.

குருவி அறைக் கதவைத் திறந்துகொண்டு போனாள். அவள் படியேறும் சத்தம் மெஷின் சத்தத்தில் சீக்கிரமே அமுங்கிவிட்டது. விளக்கு ஒருமுறை மங்கி, மறுபடி சரியானது. அக்கா நிமிர்ந்து டைமரைப் பார்த்தாள். பதினெட்டு. பதினேழு. இன்னொரு கையையும் சக்கரத்தின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.