டாப் மாடலுக்குப் பொட்டு

கார் விற்பது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை. ஷோரூம் படியேறும்போதே ஜனங்கள் மனசுக்குள் பாதிக் காரை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். நம் உயிரை வாங்குவதெல்லாம் சன்ரூஃப், கேமரா, காற்று வரும் சீட் என்று வரும் மீதிப் பாதிதான். டார்கெட் என்ற சொல்லைக் கேட்டாலே காலண்டரைப் பார்க்கும் என் சக விற்பனையாளர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சைதாப்பேட்டையில் இருக்கும் எங்கள் ஷோரூமில், மேனேஜர் பாஸ்கர் சார் ஒரு நாள் சிரித்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார். மாதம் முடிவதற்குள் எல்லா வசதியும் உள்ள டாப் மாடல் ஒன்றையாவது நான் விற்க வேண்டும். இல்லாவிட்டால் செங்குன்றம் கிளைக்கு மாற்றல். என் வீடு மந்தைவெளியில். தினமும் செங்குன்றம் போய்த் திரும்பினால், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைத் தூங்கும்போதுதான் பார்க்க முடியும். எத்தனை பஸ் மாற வேண்டும் என்று விரல்விட்டு எண்ணினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கவலைப்படாதீங்க ஜெயந்தி. சன்ரூஃபைத் திறந்து காட்டுங்க, தானா விக்கும்."

வெயிலுக்கு ஒரு வழி

திறந்து காட்டினேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகள்கள் இரண்டு பேரும் சன்ரூஃப் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நேரம்தான் சரியில்லை. மே மாதம், உச்சி வெயில். ஈக்காட்டுத்தாங்கல் சிக்னலில் வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினேன். கூரை நகர்ந்து திறந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள், வெயில் நேராக அண்ணாச்சியின் வழுக்கையில் இறங்கியது. அவர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏம்மா, வெயிலு உள்ள வரக்கூடாதுன்னுதான ஏசி போடுதோம்? பொறவு அது வாரதுக்குன்னு எதுக்கு ஒரு ஓட்டை?"

முன்னால் மட்டும் குளிர்

அண்ணாச்சி அந்த ஓட்டை இல்லாத மாடலையே எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தவர் ராயப்பேட்டையில் தோல் பை வியாபாரம் செய்யும் அன்வர் பாய். "எல்லாம் இருக்கிற மாடலே போடுங்கம்மா" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீட்டுக்குள்ளிருந்தே குளிர்ந்த காற்று வரும் வசதியைப் போட்டுக் காட்டினேன். பாய் கண்ணை மூடி அனுபவித்தார்.

அவர் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இங்கே காத்து எங்கே வருது?" என்று கேட்டார். வராது, முன் சீட்டுகளுக்கு மட்டும்தான். அந்த அம்மாளும் மகள்களும் எப்போதும் பின்னால்தான் உட்காருவார்களாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவர்களிடம் மறைக்க எனக்கு வராது. பின்பக்கம் ஏசி காற்று வர நடுத்தர மாடலிலேயே வழி இருக்கிறது, அதற்கு மேல் பின்னால் இருப்பவர்களுக்கு டாப் மாடலில் புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். நடுத்தர மாடலையே பதிவு செய்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டெஸ்ட் டிரைவ் ஓட்டுநர் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்: "இன்னா மேடம், டாப்பு வேணும்னு வந்தவர வாணாம்னு சொல்லி அனுப்பிக்கினு கீறீங்க? செங்குன்றம் பஸ்ஸுல நீங்களே போய் சீட்டு புடிக்கிறீங்களே."

எதிர்வீட்டு ஸ்கூட்டர்

மாதம் முடியும் தறுவாயில் மயிலாப்பூரிலிருந்து ராமநாதன் சார், வங்கியில் ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்தார். பழைய காரின் நான்கு மூலையிலும் அவர் வீட்டு வாசல் தூணின் பெயிண்ட் இருந்தது. சந்து குறுகல், வாசல் அதைவிடக் குறுகல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியின் நான்கு பக்கத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல் திரையில் காட்டும் கேமரா டாப் மாடலில் மட்டும்தான் வருகிறது. எதையும் மறைக்காமல், மனசாரப் புகழ்ந்து விற்க எனக்கு ஒரு வசதி கிடைத்தே விட்டது.

சார் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் ஓட்டிய கைக்குக் கேமரா எதற்கு என்றார். மாமிதான் என் பக்கம் வந்தார்: "நீ எழுதிக்கோம்மா. இவர் ரிவர்ஸ் எடுக்கறார்னா எதிராத்து மாமா ஸ்கூட்டரைத் தூக்கிண்டு உள்ள ஓடறார்."

நெற்றியும் கண்ணும்

மாதத்தின் கடைசி நாள் காலையில் டெலிவரி. மதியமே போன். "ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலை, ஒரே மஞ்சளா இருக்கு. கேமரா இல்லாத வண்டியா மாத்திக் குடுத்துடுங்கோ" என்றார் சார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

வண்டி வாசலுக்கு வெளியே மாலையோடு நின்றது. நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒன்று, இரண்டு பக்கக் கண்ணாடிகளின் அடியில் ஒவ்வொன்று. நான்கின் மேலும் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வட்டமாக இருந்ததைப் பார்த்து, கம்பெனிக்காரனே பொட்டுக்கு இடம் விட்டிருக்கிறான் என்று குருக்கள் பாராட்டினாராம். துடைத்தால் சரியாகிவிடும் என்றேன். "புது வண்டிக்கு வெச்ச பொட்டை அழிக்கறதா?" என்று சார் பதறினார். உண்மையைச் சொன்னால், ஈரத்துணியோடு நின்ற எனக்கும் கை வரவில்லை. மாற்றல் கண்முன் நின்றது, அப்படியும் வரவில்லை.

மாமி என் கையிலிருந்த துணியை வாங்கினார். நான்கையும் பளிச்சென்று துடைத்தார். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டு விரல் மேலே புதிதாகப் பொட்டு வைத்தார். சார் திரையைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். தூணில் உரசாமல் வண்டி உள்ளே போனது. நான் சாலையில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமி கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நாம பொட்டை நெத்தியிலதானே இட்டுக்கறோம், கண்ணுலயா இட்டுக்கறோம்?"

பாஸ்கர் சாரின் உத்தரவு

மாற்றல் ரத்தாயிற்று. அன்று மாலை என் மகள் விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். வீட்டுப்பாடத்தை எனக்குக் காட்டாமல் அவள் ஓடி ஒளிந்ததுகூட எனக்கு இனிப்பாக இருந்தது. மறுநாள் பாஸ்கர் சார் கூப்பிட்டு, புது உத்தரவு போட்டார்: "இனிமே டாப் மாடல் டெலிவரின்னா, கோயிலுக்கு நீங்களும் கூடப் போயிடுங்க ஜெயந்தி."

ஆகவே, புதுக் கார் வாங்கப் போகிறவர்களே, எந்த வசதி தேவை, எது தேவையில்லை என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்துகொள்ளுங்கள். குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு வரும்போது கேமராவை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிற்கும் ஒருத்தி மட்டும், எங்கள் ஷோரூமில் எல்லா டாப் மாடலோடும் சேர்ந்தே வருகிறாள்.