பப்பாளிப் பால் தின்ற ரேகை

என் தம்பி நல்லகாமனைத் தெரியாதவர்கள் விளாங்குடியிலிருந்து வாடிப்பட்டி வரையில் ரோட்டோரத்து ஊர்களில் குறைவு. பப்பாளிக்காரர் வீடு எது என்று கேட்டால் வண்டிக்காரன்கூட இறங்கி வந்து காட்டுவான். ஆனால் அவனுக்கு நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூடப் பிறந்தவள் நான். அடுத்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டு, எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள். நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பி கை வைக்கிறவரைக்கும் எங்கள் பக்கத்தில் பப்பாளி என்பது காக்கை போட்ட விதையில் தானாக முளைப்பது. அதைக் குழி தோண்டி யாரும் வைத்ததில்லை. தம்பி ஒருமுறை அழகர்கோவிலுக்குப் போன இடத்தில், மலையடிவாரத்துப் பழக்காரியிடம் ஒரு கீற்று வாங்கித் தின்றான். அந்த இனிப்பு அவனை விடவில்லை. முழுப்பழமாக ஒன்று வாங்கி, விதையை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தான். விதைமேல் இருக்கும் வழவழப்பு போகச் சாம்பலில் புரட்டித் தேய்த்து, நிழலில் உலர்த்தி, வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில் போட்டான்.

ஒரு குழிக்கு மூன்று நான்கு கன்று விடுவான். பூக்கிறவரைக்கும் எது ஆண், எது பெண் என்று தெரியாது. நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண் பூ. தண்டோடு ஒட்டி உட்கார்ந்தால் பெண் பூ. ஆண் மரங்களில் மூலைக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவான். தண்டைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அழுகிப்போகும் என்று அடியில் மண்ணை மேடாக அணைப்பான். கைக்கு எட்டாமல் வளர்ந்துவிட்ட மரத்தை இடுப்பளவில் வெட்டுவான். பப்பாளித் தண்டு உள்ளே வெறும் குழல். மழைத்தண்ணீர் இறங்கினால் போயிற்று. அதனால் வெட்டிய வாயில் ஒரு பழைய மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பான். பக்கத்தில் கிளை வெடிக்கும். கிளை வெடிக்கிறவரையில், ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சட்டித்தலையோடு நாலைந்து பேர் தோட்டத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும். சந்தைக்குப் போகிற பெண்கள் அந்த வேலியோரம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

உச்சிப்பொழுதில் பசி எடுத்தால் ஒரு இலைக்காம்பை ஒடித்து ஊதுவான். அடிவயிற்றிலிருந்து யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் வரும். அது கேட்டால் அவன் பெண்சாதி ஒச்சாயி கம்மஞ்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள்.

பழத்தோடு பாலும் எடுத்தான். மதுரையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர் பப்பாளிப் பால் வேண்டும் என்று கேட்டிருந்தார். விடியலில் பச்சைக்காயின்மேல் மூங்கில் சிராயால் கீறினால் வெள்ளையாகச் சொட்டும். சிரட்டையில் ஏந்தி, காயில் உறைந்ததை விரலால் வழித்து, வெயிலில் காயவைப்பான். ஊரில் யாருக்குப் படர்தாமரை என்றாலும் அந்தப் பாலைத் தொட்டு அவன்தான் தேய்த்துவிடுவான். ஒருநாள் ஒச்சாயி, சிரட்டையில் மிச்சமிருந்த பாலில் ஆட்டுக்கறித் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தாள். மத்தியானம் எடுத்தபோது கறி குழைந்து விரலோடு வந்தது.

“கறியவே கரைக்குதே மதினி, ஆளக் கரைக்காதா?” என்று என்னிடம் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் எங்கள் சாதி ஆண்களுக்கு ரேகைச் சட்டம் இருந்தது. திருடியவன், திருடாதவன் என்ற பேதமில்லை. பத்து விரலையும் மையில் ஒற்றிப் போலீஸ் கச்சேரியில் கொடுத்திருக்க வேண்டும். ராத்திரி ஆனால் அங்கே போய்ப் படுக்க வேண்டும். என் தம்பி ஒரு ராத்திரியும் தவறியதில்லை. ஆனால் பழம் விடிவதற்கு முன் மதுரைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே. நல்ல நடத்தைக்காரனுக்கு ராத்திரி விலக்கு உண்டு என்று ஏட்டையாவே சொன்னதால், மனுப்போட்டு, அவனோடு நானும் போனேன்.

விலக்குக் கொடுக்குமுன் பழைய ரேகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றார்கள். ஏட்டையா தம்பியின் விரலைப் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் வைத்தார். எடுத்தார். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. அடுத்த விரல். அதுவும் அப்படியே. பத்தும் பத்துப் பொட்டு.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“நீ யாரு?”

“நல்லகாமனுங்க.”

“நெசமான நல்லகாமன் எங்கடா? அவனத் தப்பிக்க விட்டுட்டு, ராத்திரிக்கு வந்து படுக்க உன்னையப் பிடிச்சு வச்சிருக்காங்களா?”

“ஐயா, நான் இவனுக்கு அக்கா. இடுப்புல தூக்கி வளத்தவ. பப்பாளிப் பாலு தின்னுருச்சுங்கய்யா” என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன்.

“அக்கா சொன்னா ஆச்சா? விரலு சொல்லணும்” என்றார். சித்திரைத் திருவிழா முடிகிற வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் ரேகை ஒத்துவந்தால் சரி. இல்லாவிட்டால் ஆள்மாறாட்டம் என்று இவனுக்கு ஜெயில். ஓடிப்போன நல்லகாமனுக்கு வாரண்டு. வெளியே வந்ததும் ஏட்டையா மெதுவாக, “கையில பாலு படாமப் பாத்துக்க. தோலு வளந்தா ரேகையும் வளருமாம். வளரலேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி முன்னால் வந்துவிட்டது. தம்பியின் கூட்டாளி சின்னக்கருப்பன் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, “என்ன மாப்ள, நீ நீதானா? இல்ல, நான் வேற யாருகிட்டயாச்சும் இம்புட்டு நாளாப் பீடி வாங்கிக் குடிச்சிட்டேனா?” என்று கேட்டான். தம்பியும் சிரித்தான். ஒச்சாயி சிரிக்கவில்லை. அவள் அவன் கையை எடுத்து, விரல் நுனியைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். சிப்பியின் உள்பக்கம்போல இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

நான் இரண்டு கையிலும் விளக்கெண்ணெய் பூசி, பழைய சேலைத்துணியால் சுற்றிக் கட்டினேன். தோட்டத்துப் பக்கம் அவன் போகக்கூடாது. தண்ணீர் இறைத்தது, பழம் பறித்தது எல்லாம் நான். சோறுகூட நான்தான் ஊட்டினேன். ஒச்சாயி பரிமாறுவாள், ஊட்டமாட்டாள். காய்களில் கீறல் விழாததால் மரங்கள் பழுத்துத் தள்ளின. அவ்வளவு பழத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அணில் கொறித்துப் பாதிப் பழம் மரத்திலேயே வாய் பிளந்து நிற்கும். உள்ளே கறுப்பு விதைகள் நம்மைப் பார்க்கும்.

ஒருநாள் உச்சிவெயில். நாங்கள் மூன்று பேரும் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தோம். தம்பியின் கட்டுப்போட்ட கை இரண்டும் மடியில் இருந்தன. தோட்டத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அடிவயிற்று முனகல்.

ஒச்சாயி எழுந்தாள். “அவரு ஊதுறாரு” என்றாள்.

“யாரு ஊதுறது? உம் புருசன் இந்தா உக்காந்திருக்கான்” என்றேன்.

அவள் தட்டில் சோறு போட்டு, மோர் ஊற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சட்டி கவிழ்த்த மரம் ஒன்றின் அடியில் தட்டை வைத்துவிட்டு, எதிரே ஆள் நிற்பதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தாள். நான் அந்த மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சட்டி விரிசல் கண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. திறந்த குழலில் காற்று புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. வேறு சட்டி கொண்டுவந்து மூடினேன். சத்தம் நின்றது. ஆனால் மறுநாளும் ஒச்சாயி தட்டோடு போனாள்.

காக்கை தின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தட்டை எடுக்கப் போனபோது ஒரு பருக்கை சிந்தியிருக்கவில்லை. தட்டு, விரலால் வழித்ததுபோலச் சுத்தமாக இருந்தது. தினமும் அப்படித்தான் இருந்தது. நாய் நக்கியிருக்கும் என்று சின்னக்கருப்பன் சொன்னான். இருக்கலாம். வேலியில் நாய் புகும் சந்து எதுவும் நான் விட்டுவைக்கவில்லை.

பிறகு தம்பியும் ஒரு மாதிரி ஆனான்.

“அக்கா, சின்னப்பிள்ளையில நான் எந்த மரத்துலருந்து விழுந்தேன்?”

“கம்மாக்கரைப் புளியமரம். முழங்கையில தழும்பு இருக்கு பாரு.”

“தழும்பு இருக்கு. விழுந்தது எனக்கு நெனப்பில்ல. நீ சொல்லிச்சொல்லித்தான் எனக்குத் தெரியும்.” கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, “அவ சொல்றது சரியா இருந்தா என்னக்கா செய்ய? நெசமான ஆளு தோட்டத்துல நின்னா, நான் எங்க போறது?” என்றான்.

நான் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். “எங்கயும் போக வேணாம். எந்தம்பி இங்கதான் இருக்கான்” என்றேன்.

கட்டை அவிழ்த்துக் கிணற்றடி வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துச் சாய்த்துத் தினமும் பார்ப்பேன். பங்குனி கடைசியில் ஒருநாள் வலது பெருவிரலில் ஏதோ தெரிந்தது. வைகையில் வெள்ளம் வடிந்த மணலில் கிடக்கும் வரிபோல, தொட்டால் தெரியாத, பார்த்தால் மட்டும் தெரிகிற வரி. பிறகு அது ஒவ்வொரு விரலாக வந்தது. உள்ளேயிருந்து யாரோ மேலே ஏறி வருவதுபோல வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அவசரமாகத் துணியை மறுபடி சுற்றிக் கட்டிவிட்டேன்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு கச்சேரிக்குப் போனோம். மை ஒற்றினார்கள். கோடும் சுழியும் தெளிவாக விழுந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பழையதோடு ஒத்துப்பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“நல்லகாமன் வந்துட்டான்யா” என்று ஏட்டையாவிடம் சொன்னார். ராத்திரி விலக்கும் அன்றே கிடைத்தது.

வீட்டு வாசலில் ஒச்சாயி செம்பில் தண்ணீரோடு நின்றாள். தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். “வந்துட்டீகளா?” என்று கேட்டு, தூரதேசம் போய்த் திரும்பியவனைப் பார்த்ததுபோல அழுதாள். அன்று அவளே சோறு பிசைந்து ஊட்டினாள். பாதியில் கை நின்றது.

“அப்ப இம்புட்டு நாளா எங்கூட இருந்தது யாரு மதினி?” என்று என்னைக் கேட்டாள்.

தம்பி வாயிலிருந்த சோற்றை மென்றபடி தரையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு விரலில் துணி சுற்றாமல் அவன் காயைத் தொட்டதில்லை. பாலைச் சிராயால்தான் வழிப்பான். சந்தையில் அவன் பழத்துக்குத் தனிப் பெயர். சட்டமும் ஒருநாள் ஒழிந்தது. கன்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தான். இந்த ரோட்டோரத்தில் இப்போது பப்பாளி இல்லாத வீடு இல்லை. படிக்காதவன்தான், ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பெயர் எடுத்தவன் அவன் ஒருவன்தான்.

ஒச்சாயி உச்சிப்பொழுதில் அந்த மரத்தடியில் தட்டு வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அந்த மரம் பட்டுப்போய், அதே குழியில் வேறு மரம் வைத்தாகிவிட்டது. போன தையில் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று மத்தியானம் அடுப்படியில் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தேன். தம்பி தட்டில் சோறு போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“யாருக்குடா?” என்றேன்.

“அவனுக்குப் பசிக்கும்லக்கா” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போனான்.